ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு மணி நேரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலைப்பாதை சைக்கிளைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் எந்தச் சைக்கிளை வாங்கலாம், எந்த டயர் நல்லது என்ற கேள்விகளே வழக்கமாக மிகுந்திருக்கும். இம்முறை வந்தவற்றுள் பெரும்பாலானவை நேரத்தைப் பற்றியவை. சைக்கிள் வீட்டில் இருக்கிறது, ஓட்டும் ஆசையும் குறையவில்லை, வார இறுதி மட்டும் கைக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஆறு கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு குழந்தைகள். நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். திருமணத்திற்கு முன் ஞாயிறுதோறும் அரை நாள் மலைப்பாதையில் ஓட்டுவேன். இப்போது மாதத்திற்கு ஒருமுறை கிளம்புவதே அரிதாகிவிட்டது. அந்த நாளிலும் இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டு நான்கு மணி நேரம் கழித்துத்தான் திரும்புகிறேன். அன்றைய பொழுதே கெட்டுவிடுகிறது. விட்டுவிடவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: விட்டுவிட வேண்டாம். ஆனால், உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு எண்களையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் இரண்டு மணி நேரம் பாதையில் சைக்கிள் ஓடும் நேரம். நான்கு மணி நேரம் என்பது நீங்கள் வீட்டில் இல்லாத நேரம். உங்கள் மனைவி எண்ணுவது இரண்டாவதைத்தான். அவர் எண்ணுவதே சரியான கணக்கு.

இடைப்பட்ட அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்று ஒரே ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்து எழுதிவையுங்கள். கையுறையைத் தேடுவது, டயர் இறங்கியிருப்பதைக் கிளம்பும்போது கண்டுபிடிப்பது, சைக்கிளைக் காரில் ஏற்றுவது, பாதை தொடங்கும் இடத்துக்குப் பயணம் செய்வது, அங்கே வந்துசேராத நண்பருக்காகக் காத்திருப்பது, ஓட்டம் முடிந்த பின் பேசிக்கொண்டு நிற்பது, வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கழுவுவது என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றில் ஒன்றுகூட நீங்கள் ஏங்கும் அந்த ஓட்டம் அல்ல. ஆகவே, குறைக்க வேண்டியது இந்தச் சுற்றுவேலைகளையே. முந்தைய இரவு குழந்தைகள் தூங்கிய பிறகு டயரில் காற்றைச் சரிபார்த்து, தண்ணீர்ப் புட்டியை நிரப்பி, உடை, காலணி, ஹெல்மெட், பஞ்சர் கருவிகள் அனைத்தையும் கதவருகே ஒரே இடத்தில் வைத்துவிட்டால், காலையில் கண் விழித்த பதினைந்து நிமிடத்தில் நீங்கள் வெளியே இருக்கலாம். நாற்பது நிமிடம் பயணம் செய்து அடையும் அழகான பாதையைவிட, வீட்டு வாசலிலிருந்தே மிதித்துச் சென்று சேரக்கூடிய சுமாரான பாதை இந்தப் பருவத்தில் உங்களுக்கு அதிகம் தரும். குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும் ஆண்டுகளில், பாதையின் தரத்தைவிட அதன் அருகாமையையே நான் பெரிதாக மதிப்பேன்.

அடுத்தது, எந்த நேரம் என்பது. வீட்டுக்கு மிகக் குறைவாகச் செலவாகும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் ஏழு மணிக்கு எழுவார்கள் என்றால், ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழேகாலுக்குத் திரும்புபவர் கால் மணி நேரம்தான் கடன்படுகிறார். அதே ஓட்டத்தை ஒன்பது மணிக்குத் தொடங்குபவர் குழந்தைகளைக் குளிப்பாட்டும், ஊட்டும், சண்டையைத் தீர்க்கும் நேரம் முழுவதையும் மற்றவர் தலையில் வைத்துவிட்டுப் போகிறார். விடியுமுன் ஓட்டுவதற்கு இரண்டு விளக்குகள் வேண்டும். ஹேண்டில்பாரில் உள்ள விளக்கு சக்கரத்தின் முன்னே தரையைக் காட்டும். ஹெல்மெட்டில் உள்ளது, வளைவில் நீங்கள் தலையைத் திருப்பும் திசையைக் காட்டும். ஹேண்டில்பார் விளக்கு மட்டும் இருந்தால் வளைவுக்கு அப்பால் இருட்டுதான். இருட்டில் ஓட்டுவதற்கு, பகலில் பலமுறை ஓட்டிப் பழகிய பாதையை மட்டுமே தேர்ந்தெடுங்கள். அங்கே இரவில் செல்ல அனுமதி உண்டா என்பதையும் முன்பே கேட்டுவையுங்கள்.

மூன்றாவதாக, கிளம்பும் நேரத்தை முடிவு செய்யாதீர்கள். திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். இதை நான் அனுபவத்தில் கற்றேன். என் மகள் சிறுமியாக இருந்தபோது, ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுச் சென்று, பாதை நன்றாக இருந்ததால் இன்னும் ஒரு சுற்று என்று நீட்டி, பிறகு பஞ்சராகி, பதினொன்றரைக்கு வீடு திரும்பினேன். பத்து மணிக்கு அவள் பள்ளியில் மேடையேறி ஒரு கவிதை சொல்ல வேண்டியிருந்தது. என் மனைவி கோபப்படவில்லை. நான் சொல்லும் நேரத்தை நம்புவதை மட்டும் அவர் நிறுத்திவிட்டார். அந்த நம்பிக்கையை மீண்டும் பெற எனக்கு ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. அன்றிலிருந்து என் கணக்கு இப்படித்தான்: எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தால், ஒன்றரை மணி நேரத்தில் முடியும் வழியைத்தான் வகுப்பேன். பஞ்சர், அறுந்த செயின், எதிர்க்காற்று எல்லாம் மீதமுள்ள அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். போகும் வழி இறக்கமாக இருந்தால் வரும் வழி ஏற்றம் என்பதால், பாதி நேரம் முடியும் வரை காத்திருக்காமல் அதற்கு முன்பே திரும்பிவிடுவேன். ஒரே நீளமான வழியைவிட, வீட்டையோ காரையோ சுற்றிவரும் குறுகிய சுற்றுகளாகப் பாதையை அமைப்பது இன்னும் நல்லது. எந்தச் சுற்றின் முடிவிலும் நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால், அதே வார இறுதியில் உங்கள் மனைவிக்கும் இரண்டு மணி நேரம், அவர் விரும்பியபடி, உங்கள் கேள்விகள் எதுவும் தொடராத தனி நேரமாகக் கிடைக்க வேண்டும். நாட்காட்டியில் அதை உங்கள் ஓட்டத்துக்கு முன்பே எழுதுங்கள். அவர் கேட்டுப் பெறும்படி விட்டுவிட்டால் அது நடக்காது.

கேள்வி: என் கணவர் ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறார். அவர் போவதில் எனக்கு வருத்தமில்லை. வந்த பிறகு மாலை வரை படுத்துவிடுகிறார் என்பதுதான் வருத்தம். குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அவருடைய ஒரே மகிழ்ச்சியைப் பறிப்பதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

பதில்: உங்கள் தயக்கத்தில் இருக்கும் அன்பை அவர் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். நீங்கள் கேட்பது நியாயமானது. வீட்டில் உடல் இருந்தும் ஆள் இல்லாத நேரமும் இல்லாத நேரம்தான்.

அந்த அளவுக்குக் களைப்பு வருவதற்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டு. வாரம் முழுவதும் உட்கார்ந்துவிட்டு ஒரே நாளில் நான்கு மணி நேரம் மலை ஏறினால், உடல் ஒவ்வொரு வாரமும் புதிதாக அடி வாங்குகிறது. வாரநாட்களில் நாற்பது நிமிடம் வீதம் இரண்டு முறை ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை இரண்டரை மணி நேரமாகச் சுருக்கினால், மொத்த அளவு பெரிதாகக் குறையாது. பிற்பகல் தூக்கம் குறையும். ஓட்டத்தின் நடுவே அவர் என்ன சாப்பிடுகிறார் என்றும் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் கடுமையான ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உடலுக்குத் தேவைப்படுகிறது. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் தாக்குப்பிடிப்பவர், வீட்டுக்கு வரும்போது வெறும் கூடாகத்தான் வருவார். எல்லா ஏற்றங்களையும் மூச்சு வாங்க ஏற வேண்டியதில்லை. கூட வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் பெரும்பகுதியை ஓட்டினால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

அவர் கிளம்பும்போதோ திரும்பிய உடனோ இதைப் பேசாதீர்கள். வாரத்தின் நடுவில், இருவருக்கும் அவசரமில்லாத ஒரு மாலையில், 'போகாதீர்கள்' என்று இல்லாமல் 'ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் நீங்கள் எங்களோடு விழித்திருக்க வேண்டும்' என்று சொல்லுங்கள். அதை எப்படி நடத்துவது என்பதை அவர் கணக்குப் போடட்டும்.

கேள்வி: எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது. அவ்வளவு சிறிய ஓட்டத்தால் பயன் உண்டா? நண்பர்கள், மூன்று மணி நேரம் ஓட்டினால்தான் ஓட்டம் என்கிறார்கள்.

பதில்: உண்டு. உலக சுகாதார அமைப்பு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது நீடிக்கும் உடலுழைப்பே கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020-இல் வந்த புதிய வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையே நீக்கப்பட்டுவிட்டது. வயதுவந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமான உழைப்பு வேண்டும் என்பதே அதன் அளவு. ஏற்றமும் இறக்கமும் கலந்த மண்பாதையில் ஒரு மணி நேரம் உழைத்தவர், தீவிர உழைப்புக்கான அந்தக் கீழ்வரம்பைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டார்.

இந்த விளையாட்டின் தொடக்கமே மிகக் குறுகிய ஓட்டங்கள்தான் என்பதையும் உங்கள் நண்பர்களிடம் சொல்லலாம். கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் 1976-இல் சில இளைஞர்கள் பழைய, கனமான சைக்கிள்களைக் கொண்டு ஒரு மலைச்சரிவில் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். சுமார் மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இறக்கத்தைத் தேர்ந்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் கடந்தார்கள். அந்த ஐந்து நிமிடங்களுக்காக வளர்ந்த சைக்கிள்தான் இருபது ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், ஒரு பந்தயமாக நுழைந்தது.

ஒரு மணி நேரத்தை என் விருப்பப்படி செலவிடச் சொன்னால், பாதியைத் திறன் பழகுவதற்கு ஒதுக்குவேன். நீண்ட ஓட்டத்தில் யாரும் நின்று பழகுவதில்லை, தவறுகளோடு கடந்துபோய்விடுகிறார்கள். ஒரே வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டு, சக்கரத்தைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பார்த்து, உடலைவிடச் சைக்கிளை அதிகம் சாய்த்து வெளியேறுங்கள். திரும்பி வந்து மறுபடி செய்யுங்கள். பத்தாவது முறையில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். அசையாமல் சைக்கிளின் மேல் நிற்பது, கல்லைத் தாண்ட முன்சக்கரத்தைத் தூக்குவது போன்றவற்றுக்கு மலைகூட வேண்டாம். வெற்றுத் திடலில் இருபது நிமிடம் போதும், குழந்தைகள் அதே திடலில் விளையாடிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: நான் ஒரு தாய், பத்து ஆண்டுகளாக மலைப்பாதையில் ஓட்டுகிறேன். என் ஐந்து வயது மகன் என்னோடு வர வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் நேரச் சிக்கல் தீருமல்லவா?

பதில்: அவனை அழைத்துச் செல்லுங்கள், ஆனால் அதை உங்கள் ஓட்டமாக எண்ணாதீர்கள். மகனோடு செல்லும் நேரம் அவனுடையது. உங்கள் உடற்பயிற்சியையும் அதற்குள்ளேயே முடித்துவிட நினைத்தால், அவன் ஒரு வண்டைப் பார்க்க நிற்கும்போது உங்களுக்குப் பொறுமை போய்விடும். அம்மாவோடு வருவது அவசரம் நிறைந்த காரியம் என்று அவன் எடுத்துக்கொள்வான். உங்களுக்கான நேரத்தைத் தனியே கேட்டுப் பெறுங்கள். குடும்பத்தினர் 'பிள்ளையோடுதான் போய் வந்துவிட்டாயே' என்று சொல்லக்கூடும். தாய்மார்களின் கடிதங்களில் இந்த வாக்கியத்தை நான் அடிக்கடி காண்கிறேன். அதை ஏற்க வேண்டியதில்லை.

அவனுடைய சைக்கிளைத் தூக்கிப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தை 10 கிலோ சைக்கிளை ஓட்டுகிறது என்றால், அது தன் எடையில் பாதியைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 35 கிலோ சைக்கிளில் மலை ஏறுவதற்கு அது சமம். குழந்தை சோம்பேறித்தனமாக ஏற்றத்தில் இறங்கிவிடுகிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே சஸ்பென்ஷன் போன்ற எடை கூட்டும் பாகங்கள் இல்லாத எளிய சைக்கிளே இந்த வயதுக்குச் சிறந்தது. பிரேக் கைப்பிடி அவன் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள்; பெரும்பாலான கைப்பிடிகளில் தூரத்தைக் குறைக்கும் சிறு திருகு உண்டு. ஏற்றங்களுக்கு, உங்கள் சீட்டுக்குப் பின்னால் மாட்டி அவன் சைக்கிளை இழுக்கும் நீளும் கயிறு கிடைக்கிறது. இறக்கத்துக்கு முன் அதைக் கழற்றிவிட மறக்காதீர்கள்.

வீட்டில் இன்னும் சிறிய குழந்தை இருந்தால், பெடல் இல்லாமல் காலால் உந்திச் செல்லும் சைக்கிளில் தொடங்குங்கள். இரு சக்கர வண்டியே அப்படித்தான் பிறந்தது: கார்ல் டிரைஸ் என்பவர் 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டிய வண்டிக்குப் பெடல் கிடையாது. முதலில் சமநிலை, பிறகு மிதித்தல் என்ற அந்த வரிசையே குழந்தைக்கும் எளிது.

கேள்வி: ஓட்டும் நேரத்தைவிடச் சைக்கிளைப் பராமரிக்கும் நேரம் அதிகமாகிறது. எதை விடலாம், எதை விடக்கூடாது?

பதில்: பளபளப்பை விடலாம். மேலே சொன்ன மரின் இளைஞர்களின் பாடு நமக்கு இல்லை. அவர்களுடைய பின்சக்கரத்துக்குள் இருந்த பிரேக்கின் கிரீஸ், ஒரே இறக்கத்தில் சூடேறிப் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடியும் நிரப்ப வேண்டும். மீண்டும் நிரப்புதல் என்று பொருள்படும் ரீபேக் என்ற சொல்லே அந்தச் சரிவின் பெயராயிற்று. இன்றைய சைக்கிளுக்கு ஓட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் போதும்: செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் இட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், டயரில் வெட்டுகள் உண்டா, பிரேக் பட்டைகளில் தேய்மானம் எவ்வளவு, போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். சேறு காய்ந்த பின் பிரஷால் தட்டிவிட்டால் போதும். வேகமாக நீரைப் பீய்ச்சும் கருவியை பேரிங் இருக்கும் இடங்களில் காட்டாதீர்கள். கிரீஸ் வெளியேறி நீர் உள்ளே போய்விடும்.

தள்ளிப்போடக் கூடாதவை இரண்டு. செயின் தேய்மானத்தை அளக்கும் சிறு அளவுகோலை வாங்கிவைத்து, 11 அல்லது 12 கியர் அடுக்கு உள்ள சைக்கிளில் 0.5 சதவீதம் நீண்டவுடன் செயினை மாற்றுங்கள். தாமதித்தால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேயும். டியூப் இல்லாத டயராக இருந்தால், உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து நிரப்புங்கள். சைக்கிளைக் காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றுபவர்கள், பிரேக் பட்டைகள் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க் சக்கரத்தோடு வெளியே வந்துவிட்ட நிலையில் பிரேக்கை அழுத்திவிடக் கூடாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கின் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காலை நேரம் முழுவதும் அவற்றைப் பிரிப்பதிலேயே போய்விடும். இடையில் ஒரு கெட்டி அட்டைத் துண்டைச் செருகிவையுங்கள்.

கேள்வி: எனக்குக் கிடைப்பது ஞாயிறு அதிகாலை மட்டுமே, துணைக்கு யாரும் வருவதில்லை. முந்தைய இரவு மழை பெய்திருந்தாலும் போகலாமா? தனியாகப் போவது சரியா?

பதில்: மண் டயரில் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, நீங்கள் கடந்த இடத்தில் பள்ளமான தடம் பதிந்தாலோ திரும்பிவிடுங்கள். அந்தத் தடத்தில் அடுத்த மழைநீர் ஓடி, ஒற்றையடிப் பாதையை ஓடையாக்கிவிடும். ஒரு வாரம் ஓட்டாததன் இழப்பு உங்களோடு போகும். அரிக்கப்பட்ட பாதையை மண்வெட்டியோடு சென்று யாரோ சீரமைக்க வேண்டும். பாறையும் மணலும் மிகுந்த, நீர் விரைவில் வடியும் வழி ஒன்றை மழை நாளுக்கென்று தெரிந்துவைத்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் வீணாகாது.

தனியாகப் போகலாம், தனியாகப் போகும் நாளில் புதிய தாவலையும் புதிய பாதையையும் முயல வேண்டாம். தலையில் அடிபட்டால், வலி இல்லையென்றாலும் அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. ஹெல்மெட்டின் உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கித்தான் காக்கும் என்பதால், அதையும் மாற்றிவிட வேண்டும். கைப்பேசியில் முழு மின்னேற்றத்தோடு கிளம்புங்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் முதலில் எழுபவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். குறித்த நேரம் கடந்து எத்தனை நிமிடம் ஆனால் அவர் உங்களை அழைக்கத் தொடங்க வேண்டும், அழைப்பு கிடைக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.